திலகவதியார் காட்டிய வழி



பூசை முடிந்து வீபூதி, சந்தனம் பெற்று நிற்கும் அடியார்களின் உள்ளத்தில் பெரும்பாலும் ஒரே கேள்விதான் இருக்கின்றது. "நினைச்சது சரிவருமோ?" என்பதே அது. வெளிநாடு சென்ற பிள்ளைக்கு வதிவிட அனுமதி கிடைக்குமா, மகளுக்குக் கலியாணம் ஒப்பேறுமா, விதைத்த நெல் வீடு வந்து சேருமா, காணாமற்போனவர் திரும்பி வருவாரா என ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கவலை. விடை தேடிச் சாதகக் குறிப்பைக் கொண்டு திரிகின்றோம். நேர்த்திக்கு மேல் நேர்த்தி வைக்கின்றோம். இவை பிழையென்று நான் கூற வரவில்லை. ஆயினும், நடக்கப்போவது தெரிந்தால்தான் மனம் ஆறும் என்றால், அதனை இறைநம்பிக்கை என்று கூறலாமா?

இவ்விடத்திலே திருநாவுக்கரசு சுவாமிகளின் தமக்கையார் திலகவதியாரை நினைத்துப் பார்த்தல் நன்று. அறுபத்துமூன்று நாயன்மார் வரிசையில் அம்மையாரின் பெயர் இல்லை. ஆனால் அவர் இல்லையேல் அப்பர் பெருமான் நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்.

திருவாமூரிலே பிறந்த அம்மையாருக்குக் கலிப்பகையார் என்னும் படைத்தலைவரை மணம் பேசியிருந்தனர். அவர் போருக்குச் சென்றார். அக்காலத்தில் தந்தையார் புகழனார் இறந்தார்; தாயார் மாதினியாரும் உடன் மறைந்தார். பின்னர் போர்க்களத்திலே கலிப்பகையாரும் இறந்தார் என்ற செய்தி வந்தது. உயிர்விடத் துணிந்த அம்மையார், தம்பி அழுது காலில் விழுந்தமையால், அவருக்காக உயிர் தாங்கினார். அந்தத் தம்பியும் பின்னாளில் சமண சமயம் புகுந்து தருமசேனர் ஆகித் தமக்கையைப் பிரிந்தார்.

அதன்பின் அம்மையார் செய்தது என்ன? திருவதிகை வீரட்டானத்துக்குச் சென்றார். விடியுமுன் எழுந்து திருவலகிட்டார், சாணத்தால் மெழுகினார், பூக்கொய்து மாலை தொடுத்தார். தம்பியை மீட்டருளுமாறு வேண்டினார். தம்பி எப்போது வருவார் என்று தெரிந்துகொண்டு அவர் அலகைக் கையில் எடுக்கவில்லை. பல காலம் தொண்டு செய்தபின்னரே, சூலைநோய் கொடுத்துத் தம்பியை ஆட்கொள்வோம் என்று இறைவன் கனவிலே உணர்த்தினார். நோயோடு வந்த தம்பிக்கு ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்துத் திருக்கோயிலுள் அழைத்துச் சென்றவர் அம்மையாரே. பிற்காலத்தில் அப்பர் பெருமான் கையில் ஏந்திய உழவாரம், தமக்கையார் செய்த அந்தத் தொண்டின் தொடர்ச்சி அன்றோ!

அடியார்களே, ஒன்றைக் கவனியுங்கள். தம்பி திரும்பி வந்தார், கலிப்பகையார் வரவில்லை. இறைவனை நம்பினால் நினைத்ததெல்லாம் நடக்கும் என்று பெரியபுராணம் நமக்கு வாக்குத் தரவில்லை. இழப்பு வந்தபோதும் இறைவனை விட்டு விலகாத மனத்தையே அது காட்டுகின்றது.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு நாம் இடம்பெயர்ந்ததை எவரும் மறந்திருக்க மாட்டோம். மறு ஆண்டு ஊர் திரும்பியபோது ஆலய வீதி முழுவதும் பற்றை மண்டிக் கிடந்தது. முதலில் விளக்குமாறு எடுத்தவர் ஓர் ஆச்சி. அவரது மகன் வீடு திரும்பவில்லை. "ஆச்சி, என்னெண்டு மனசைத் தேத்திக்கொள்ளுறியள்?" என்று ஒருநாள் கேட்டேன். "அவன் வாறதும் வராததும் பிள்ளையாருக்குத்தான் தெரியும் தம்பி. விடிஞ்சால் வீதி கூட்டவேணும், அது எனக்குத் தெரியும்" என்றார். கண் கலங்கியிருந்தது, கை நிற்கவில்லை. கண்மூடும்வரை அவர் மகனைக் காணவில்லை. அந்த ஆச்சிக்கு நான் எந்த ஆறுதலும் கூறத் துணிந்ததில்லை. அவரிடம் கற்றுக்கொண்டேன்.

ஆகவே, வேண்டுவதை வேண்டுவோம். அழவேண்டியதை அவன் சந்நிதியிலேயே அழுவோம். நாளை என்பதை அவனிடம் ஒப்படைத்துவிட்டு, இன்றைக்கு நம் கைக்கு எட்டிய தொண்டைச் செய்வோம். அயலிலே பிள்ளையைப் பிரிந்து இருக்கும் தாய்க்கு ஒருநேரம் துணையாக இருப்பதும் தொண்டுதான். கொடியேற்றத்துக்கு முன் நடைபெறும் சிரமதானத்துக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவராவது வரவேண்டும் என அன்புடன் கேட்டுக்கொள்கின்றேன். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.

எல்லாம்வல்ல விநாயகப் பெருமானின் திருவருள் யாவர்க்கும் கிட்டுவதாக.

சுபம்.