பிள்ளையின் வலியும் பெற்றோரின் பொறுமையும்

மதுரை காஜிமார் தெருவில் அஸர் தொழுகை முடிந்ததும், மேலூர்ச் சகோதரர் ஒருவர் நம்மை அணுகினார். "ஹஜ்ரத், என் மகனுக்கு 4 வயது. 8 பற்கள் சொத்தை, ஈறில் சீழ். முழு மயக்கம் கொடுத்து ஒரே நாளில் எல்லாவற்றையும் சரிசெய்யலாம் என்கிறார் டாக்டர். அறிவை மயக்குவது ஹராம். விழப்போகிற பால் பல்தானே, பிள்ளை பொறுத்துக்கொள்ளட்டும் என்கிறார்கள் என் அத்தா. நான் கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டார்.

அறிவைப் பேணுவது ஷரீஅத்தின் ஐந்து நோக்கங்களுள் ஒன்று. எனவே பெரியவரின் அச்சத்தை நாம் இகழவில்லை. ஆயினும் போதைக்காக அறிவை இழப்பது வேறு. சிகிச்சைக்காகச் சிறிது நேரம் உணர்விழக்கச் செய்வது வேறு. தேவை ஏற்படின் அறிவை நீக்கும் மருந்தை உட்கொள்ளலாம் என்பதை 13-ஆம் நூற்றாண்டிலேயே இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். 1846-ல் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கத்தை உலகறியச் செய்த மார்ட்டனும் பல் வைத்தியரே.

பொறுமையைப் பற்றி ஒரு சொல். தாபியீன்களில் ஒருவரான உர்வா (ரஹ்) அவர்கள், காலை வெட்டியெடுக்கும் வேளையிலும் மயக்கும் பானத்தை மறுத்ததாக வரலாறு கூறும். அவர்கள் பொறுத்தது தம் வலியை. பிள்ளையைத் துடிக்கவிட்டு, அதைத் தம் பொறுமையென எண்ணும் உரிமை எந்தத் தந்தைக்கும் இல்லை. மேலும், பால் பல்லின் சீழ் அதன் கீழ் வளரும் நிலைப்பல்லையும் கெடுக்கும்.

ஆனால் தேவை வேறு, வசதி வேறு. ஈறை மரக்கச் செய்யும் ஊசியால் முடிகிற வேலைக்கு, பிள்ளை அழுகிறது என்பதற்காக மட்டும் முழு மயக்கம் கேட்பது முறையன்று. 3 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 3 மணி நேரத்திற்கு மேலோ, பலமுறையோ மயக்கம் கொடுப்பது வளரும் மூளையைப் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க அரசின் மருந்துத்துறை 2016-ல் எச்சரித்திருக்கிறது.

ஆகவே அவரிடம் சொன்னோம்: "பிள்ளை அமானிதம். வேறு வழியுண்டா என்று கேளுங்கள். பல் டாக்டரன்றி, மூச்சையும் நாடியையும் கவனிக்கத் தனியாக மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா என்று கேளுங்கள். மயக்கத்திற்கு முந்தைய 6 மணி நேரம் சோறோ பசும்பாலோ கூடாது என்றால், பசியால் அழுகிறானே என்று வீட்டில் யாரும் ஒளித்துக் கொடுத்துவிட வேண்டாம். மயக்கத்தில் அது மேலேறி மூச்சுக்குழலில் இறங்கினால், இரக்கமே ஆபத்தாகிவிடும். இத்தனையும் கேட்டபின் பிஸ்மி சொல்லிக் கையெழுத்திடுங்கள்."

"அதற்கு மேலும் ஏதாவது நேர்ந்தால்?" என்றார், கண் கலங்க.

"கேட்க வேண்டியதைக் கேட்டு, செய்ய வேண்டியதைச் செய்தவரை அல்லாஹ் குற்றம் பிடிப்பதில்லை. கேட்காமல் இட்ட கையெழுத்துக்கே நாம் அஞ்ச வேண்டும்" என்றோம்.

பாட்டிலில் இனிப்புப் பாலோடு பிள்ளையை உறங்க வைக்கும் வழக்கமே பல வீடுகளில் இந்தச் சொத்தையின் தொடக்கம். மிஸ்வாக்கைப் பேணச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். பிள்ளையின் பல்லைத் துலக்கிவிட்டு உறங்க வைப்போமாக!