கால் இல்லாதவள் நடக்கிறாள்

ஒசாகாவின் புன்ராகு பொம்மலாட்டத்தில் பெண் பொம்மைகளுக்குப் பெரும்பாலும் கால்களே கிடையாது. ஒரு பொம்மைக்கு மூன்று ஆட்கள். தலையும் வலக்கையும் மூத்தவர் பொறுப்பு, இடக்கை இன்னொருவருக்கு. மூன்றாமவர் கிமோனோவின் கீழ்விளிம்பைக் கைகளால் அசைக்க, அவள் நடக்கிறாள்! குரலோ மேடையோரம் அமர்ந்து பாடுபவருடையது. அப்படியானால் உயிர் யாரிடம் இருக்கிறது?

அனிமேஷனில் பிழைக்கிற எனக்கு இது வெறும் தத்துவ விசாரம் அல்ல. பாத்திரத்தின் முழங்கால், விரல், இமை எல்லாவற்றையும் கணினியில் அசைத்துவிடுவேன். ஆள் மட்டும் வரமாட்டாள். பௌத்தம் நிலையான 'நான்' ஒன்றை ஏற்பதில்லை. பல கூறுகள் கூடி இயங்குவதைத்தான் ஆள் என்கிறோம். (மேலாளரிடம் இதைச் சொல்லிக் கெடு நீட்டிப்பு கேட்க முடியாது.) புன்ராகு அதைக் கண்ணெதிரே காட்டுகிறது.

அனிமேஷன் படிக்கும் பிள்ளைகளே, கவாமோட்டோ கிஹாச்சிரோ 1976இல் எடுத்த 'தோஜோஜி' பொம்மைப் படத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.