காத்திருத்தலும் காத்தலும்

செய்ய வேண்டியவற்றைச் செய்து முடித்தபின், பயனை மட்டும் எதிர்நோக்கி இருக்கும் காலம் ஒன்று மனித வாழ்வில் உண்டு. விதைத்தவன் மழையை நோக்கும் காலம் அது. தேர்வெழுதிய மாணாக்கி முடிவை நோக்கும் காலமும் அதுவே. இக்காலத்தில் மனிதன் செய்வதற்கு யாதுமில்லை என உலகோர் கருதுவர். செயல் இல்லையேல் நல்வினையும் தீவினையும் இல்லை. ஆகவே காத்திருக்கும் நாட்கள் வினைக்கணக்கில் சேராத வெற்று நாட்கள் என்றாகும். இக்கருத்து பொருந்துமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியவள் மல்காஜ்கிரியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண். செகந்திராபாத்தை அடுத்த அப்பகுதியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இருப்புப்பாதையையும் படை முகாமையும் நம்பிப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அப்பெண் இன்டர்மீடியட் வகுப்பில் உயிரியல் பயின்று தேறினாள். நுழைவுத் தேர்வும் எழுதினாள். நான்காண்டு செவிலியர் பட்டப் படிப்பை நாடி, வாரங்கலில் உள்ள காளோஜி நாராயண ராவ் சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் நடத்தும் கலந்தாய்வில் தன் விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிவு செய்தாள். அதன்பின் கைப்பேசியைக் கையில் ஏந்தியபடியே நாட்களைக் கழித்து வந்தாள்.

ஒருநாள் மாலை அவள் எம்மிடம் வந்து கேட்டதாவது: “ஐயா, ஆசையை அறுக்க வேண்டும் என்று விகாரையில் கேட்கிறோம். இந்த இடம் எனக்குக் கிடைக்க வேண்டும் என்று நான் இரவெல்லாம் எண்ணிக் கிடக்கிறேன். இதுவும் ஆசைதானே? என் தோழியும் அதே கல்லூரியைத்தான் எழுதியிருக்கிறாள். ஓர் இடமே எஞ்சியிருந்தால், எனக்குக் கிடைக்க வேண்டும் என்பது அவளுக்குக் கிடைக்கக் கூடாது என்பதுதானே?”

இவ்விரு வினாக்களும் எளியன அல்ல. பதினெட்டு வயதுப் பெண்ணின் பேதைமை என்று நகைத்து ஒதுக்கத்தக்கனவும் அல்ல.

முதல் வினாவை முதலில் நோக்குவோம். மணிமேகலைக் காப்பியம் கூறும் பன்னிரு சார்புகளின் வரிசையில், நுகர்வுக்குப் பின்னும் பற்றுக்கு முன்னும் வேட்கை நிற்கிறது. பாலி நூல்கள் இதனைத் தண்ஹா என்னும். அந்நூல்களே சந்தம் என்னும் வேறொரு சொல்லையும் ஆள்கின்றன. ஒன்றைச் செய்ய வேண்டும் என எழும் விருப்பம் அது. தீயதைச் சார்ந்தால் தீதாம். நல்லதைச் சார்ந்தால் முயற்சிக்கு வித்தாம். இருத்திபாதங்கள் நான்கனுள் சந்தமே முதலாவதாக எண்ணப்படுகிறது. ஆகவே விருப்பம் அனைத்தையும் வேட்கை எனக் கூறிப் பழித்தல் தம்மத்தைப் பிறழ உணர்ந்ததாகும். விரும்பாதவன் முயலான், முயலாதவன் விடுதலையும் பெறான்.

எனின், ஒரே நெஞ்சில் எழும் விருப்பம் வேட்கையோ சந்தமோ என்று அறிவது எங்ஙனம்? விரும்பிய பொருள் கிட்டாவிடின் எஞ்சுவது யாது என நோக்கினால் விளங்கும். வேட்கை தோற்றால் சினமும் தன்னிரக்கமுமே எஞ்சும். சந்தம் தோற்றால் செய்ய விரும்பிய செயல் எஞ்சும். கல்லூரியின் வாயில் அடைபட்டாலும் நோயாளர் உலகில் இருக்கவே செய்வர்.

இவ்விடத்தில் ஒன்று கூறாது விடுதல் நேர்மையாகாது. அப்பெண் நோயாளர் மீதுள்ள அருளால் மட்டும் இப்படிப்பை நாடவில்லை. வீட்டிற்கு ஒரு நிலையான ஊதியம் வேண்டும். தந்தையின் கடன் தீர வேண்டும். இதனைக் கூறுங்கால் அவள் தலை குனிந்தாள். குனிய வேண்டுவதில்லை. பகவன் அநாதபிண்டிகருக்கு இல்வாழ்வாரின் இன்பங்கள் நான்கினை உரைத்தபோது, நேரிய வழியில் பொருள் உடைமை, அதனைத் துய்த்தல், கடனின்மை, பழியின்மை என அவற்றை வகுத்தார். கடனின்மையை இன்பமெனக் கூறிய ஆசான், கடன் தீர்க்க விழையும் மகளைப் பழிப்பாரல்லர். ஆயினும் அந்நான்கனுள் பழியின்மைக்கு ஏனைய மூன்றும் ஈடாகா என்றும் அவர் உரைத்தார்.

இனி இரண்டாம் வினா. நான் பெற வேண்டும் என்பதும், அவள் இழக்க வேண்டும் என்பதும் ஒன்றா? விளைவு ஒன்றாக இருப்பினும் எண்ணம் வேறு எனக் கூறித் தப்பலாம். அது சொல்லளவில் தப்புதலேயாகும். எண்ணம் வேறோ ஒன்றோ என்பதைச் செயலே காட்டும். அதனைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றை அவளே எம்மிடம் ஒப்புக்கொண்டாள். அடுத்த சுற்றுக்கு விருப்பங்களைப் பதிவு செய்யும் இறுதி நாள் எதுவென அவள் தோழி அறிந்திருக்கவில்லை. இவள் அறிந்திருந்தாள். சொல்லாதிருந்தால் பொய்யில்லை, களவில்லை. ஐந்து சீலங்களில் ஒன்றும் வெளிப்படையாக உடையவில்லை. ஒரு முற்பகல் முழுதும் அவள் சொல்லாதிருந்தாள். பிற்பகலில் தோழியின் வீட்டிற்கு நடந்து சென்று சொன்னாள்.

நாம் இவ்விடத்தை ஊன்றி நோக்க வேண்டும். செய்வதற்கு யாதுமில்லை என்று எண்ணப்பட்ட காலத்திலேயே ஒருத்தியின் சீலம் முழுதும் சோதிக்கப்பட்டுவிட்டது. அம்முற்பகல் அவள் கையில் ஒரு செயலும் இல்லை. ஆயினும் அது வினையற்ற பொழுதன்று. சொல்லாமை ஒரு வினை. பின்னர்ச் சொன்னது மற்றொரு வினை. இடங்கள் எத்தனை என்பதை அவ்விரு பெண்களும் வகுக்கவில்லை. அது அரசும் கல்லூரிகளும் வகுப்பது. ஓர் இடத்திற்கு இருவர் நிற்பது அவர்தம் குற்றமன்று. ஒருத்தி மற்றவளைப் பகையெனக் கொள்வாளாயின் அது மட்டும் அவளுடையது.

வேறொரு சோதனையும் அக்குடும்பத்தின் வாயிலுக்கு வந்தது. பட்டியல் சாதியினராய்ப் பிறந்து பௌத்தம் தழுவியோர் அப்பட்டியலின் உரிமையை இழவார் என 1990-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் உறுதி செய்தது. ஆனால் அதே 1990-இல் மாரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றிற்குக் குடிபெயர்ந்தவர் பிறந்த மாநிலத்துப் பட்டியலின் உரிமையைப் புகுந்த மாநிலத்தில் கோரவியலாது எனத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கும் ஒரு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பற்றியதே. அயல் மாநிலத்தில் வாழும் நம் குடும்பங்கள் பல இத்தீர்ப்பின் பாரத்தைச் சுமக்கின்றன. இந்நிலையில், பொய்ச் சான்றிதழ் ஒன்றைப் பொருள் கொடுத்துப் பெறலாம் என ஒருவர் தந்தையிடம் கூறினார். தீர்ப்பு கடுமையானது என்பதனால் பொய் மெய்யாகிவிடுமா? சட்டம் நீதியாக அமையவில்லையெனின், அதனைத் திருத்துமாறு வெளிப்படையாகக் கேட்டல் நம் கடன். மறைவில் அதனை ஏய்த்தல் அக்கேள்வியின் வலிமையைக் குன்றச் செய்வதாம். தந்தை மறுத்தார். அம்மறுப்பிற்கு அவர் தந்த விலை சிறிதன்று. மகளின் எதிர்காலமே அவ்விலையாக ஆகலாம். அதனை அறிந்தே மறுத்தார்.

காத்திருத்தல் என்னும் நம் தமிழ்ச் சொல்லினுள்ளே காத்தல் அடங்கியிருக்கிறது. வெறுமனே இருப்பது காத்திருப்பதாகாது. ஒன்றைக் காத்துக்கொண்டு இருப்பதே காத்திருப்பு. வாய்மையைக் காத்தல், போட்டியிடுவோர்பால் நல்லெண்ணத்தைக் காத்தல், கற்க விழைந்த தொழிலின் உள்ளத்தைக் காத்தல் ஆகிய மூன்றும் அக்கால வேலை.

இவ்வேலையைச் செய்து காட்டியோர் உலகில் உளர். அமெரிக்க நாட்டில் மேரி எலைசா மஹோனி என்னும் கறுப்பினப் பெண், பாஸ்டன் நகரத்து மகளிர் மருத்துவமனை ஒன்றில் சமைத்தும் துணி வெளுத்தும் தூய்மைப் பணி செய்தும் ஏறத்தாழ 15 ஆண்டுகள் உழைத்தார். 1878-இல்தான் அங்குள்ள செவிலியர் பள்ளியில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அப்போது அவருக்கு வயது 33. 1879-இல் பயிற்சியை முடித்து, அந்நாட்டில் பயிற்சி பெற்ற முதல் கறுப்பினச் செவிலியரானார். காத்திருந்த ஆண்டுகளில் அவர் மருத்துவமனையை விட்டு விலகி நிற்கவில்லை என்பது கருதத்தக்கது.

நம் மரபிலும் சேர்க்கை வேண்டிக் காத்து நின்ற ஒரு தாய் உண்டு. மகாபிரஜாபதி கோதமி சங்கத்தில் சேர மும்முறை வேண்டினார். மும்முறையும் இசைவு கிட்டவில்லை. அவர் வீடு திரும்பி முடங்கவில்லை. தலைமுடி களைந்து, துவராடை உடுத்து, சாக்கிய மகளிருடன் வைசாலிக்கு நடந்தார். வீங்கிய கால்களோடும் புழுதி படிந்த மேனியோடும் வாயிற்புறத்தே அழுது நின்றார். அழுதமையால் அவர் பெருமை குறைந்ததாக நூல்கள் கூறவில்லை. காத்திருப்போர் கண்ணீர் விடலாகாது எனத் தம்மம் விதிக்கவில்லை.

அவ்வரலாற்றில் ஆனந்தரின் பங்கை நாம் மறத்தலாகாது. வாயிலில் நின்றவரைக் கண்டு, காரணம் வினவி, உள்ளே சென்று அவருக்காக வாதிட்டவர் அவரே. வாயில் திறந்தது கோதமியின் உறுதியால் மட்டுமன்று. உள்ளே இடம் பெற்றிருந்த ஒருவர் வெளியே நின்றவரை நினைந்தமையாலுமாம். காத்திருப்பவர்க்குப் பொறுமையை உபதேசித்தல் எளிது. விண்ணப்பம் நிரப்ப உதவுதல், இறுதி நாளை நினைவூட்டுதல், கட்டணத்திற்குக் கைகொடுத்தல், இடம் கிட்டாதவர்க்கு மூன்றாண்டுச் செவிலியர் பட்டயப் படிப்பு முதலிய வேறு வழிகளைக் காட்டுதல் ஆகியவை ஆனந்தரின் வழி. நம்முள் முன்னரே படித்து வேலை பெற்றவர்கள் இதனை எண்ணுவாராக.

செவிலியர்க்குரிய பண்புகளைப் பகவன் ஐந்தாக வகுத்தார்: மருந்தை அமைக்கும் திறன், நோயாளிக்கு ஏற்றதும் ஏலாததும் அறிதல், ஊதியம் நோக்காத அன்புள்ளம், மலமும் சிறுநீரும் வாந்தியும் அகற்ற அருவருப்பின்மை, நல்லுரையால் நோயாளியைத் தேற்றல் என்பன அவை. வயிற்றுநோயுற்றுத் தன் கழிவிலேயே கிடந்த பிக்குவைத் தம் கையால் நீர் வார்த்துத் தூய்மை செய்தவர் கூறிய இலக்கணம் இது. இவ்வைந்தனுள் முதலிரண்டைக் கல்லூரி கற்பிக்கும். ஏனையவற்றைத் தொடங்குவதற்குச் சேர்க்கைக் கடிதம் தேவையில்லை.

இதனை எழுதும் நாள்வரை அப்பெண்ணுக்கு முடிவு வரவில்லை. வராமலும் போகலாம், அவ்வாறாயின் அது மெய்யான இழப்பே, அதனை இனிய சொற்களால் மூடுவதற்கில்லை. அண்டை வீட்டில் படுக்கையில் கிடக்கும் ஒரு மூதாட்டிக்கு முதுகில் புண் உண்டாகாதபடி, உரிய வேளைதோறும் சென்று அவரைப் புரட்டிப் படுக்க வைத்து வருகிறாள். உடன் செல்பவள் அவள் தோழி.