மிதிவண்டியும் அளவுகோலும்

மனிதன் ஒரு செயலைச் செய்கிறான். அச்செயல் நிகழ்ந்தது என்பதற்குச் சான்று யாது? செய்தவன் உள்ளமா, கண்டவர் கண்ணா, எழுதி வைத்த ஏடா? ஏட்டில் ஏறாத செயல் செய்யாத செயலாகிவிடுமா? ஏட்டில் ஏறியவை யாவும் மெய்ச்செயல்களே எனக் கொள்ளலாமா? பழமையான இவ்வினா இக்காலத்தில் ஒரு சிறு கருவியின் வடிவெடுத்து, மிதிவண்டியின் கைப்பிடிமேல் வந்து அமர்ந்திருக்கிறது. அறத்தைப் பற்றிய ஆராய்ச்சி நூல்களோடு நின்றுவிடுவதன்று. அன்றாடம் உருளும் சக்கரத்தினிடத்தும் அதற்கு இடமுண்டு. ஆகலின் அன்பர்களே, இக்கருவியைச் சற்றே ஆராய்வோம்.

புனே நகரம் ஒரு காலத்தில் இந்தியாவின் சைக்கிள் நகரம் என்று பெயர் பெற்றிருந்தது. அந்நாளில் சைக்கிள் ஏழையின் ஊர்தி. கட்கியிலிருந்த இராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் சென்றோர், பால் விற்போர், செய்தித்தாள் போடுவோர், பள்ளி மாணவர் ஆகிய பலரும் அதனையே நம்பியிருந்தனர். பின்னர் மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டரும் பெருகி அதனைச் சாலையோரத்துக்குத் தள்ளின. இன்று அது வேறோர் உருவில் மீண்டு வந்திருக்கிறது. விடியற்காலையில் கடக்வாஸ்லா ஏரிக்கரைக்கும், 1,300 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கும் சிங்ககட் மலைக்கோட்டைக்கும், பழைய மும்பைச் சாலை வழியே லோனாவாலாவுக்கும் உடற்பயிற்சிக்காகவும் இன்பத்துக்காகவும் செல்வோர் பலர். அவர்களுள் பெரும்பாலோரின் வண்டியில் உள்ளங்கையளவான ஜி.பி.எஸ். கருவி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். கார்மின், வாஹூ முதலிய நிறுவனங்கள் இவற்றைச் செய்து விற்கின்றன.

முற்காலத்துச் சைக்கிள் அளவி, சக்கரத்தில் கட்டிய காந்தம் எத்தனை முறை சுற்றியது என்பதை மட்டும் எண்ணி, அதனைச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கித் தொலைவைச் சொல்லிற்று. இக்கருவியோ, ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்தில் உலகைச் சுற்றிவரும் செயற்கைக் கோள்களுள் குறைந்தது நான்கின் குறிகளைப் பெற்று, அவை வந்துசேர எடுத்த நேரத்தைக் கணக்கிட்டு, நாம் நிற்குமிடத்தை அறிகிறது. அமெரிக்க அரசு வேண்டுமென்றே இக்குறிகளில் புகுத்தியிருந்த பிழையை 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கிய பின்னரே, பொதுமக்கள் இதனை நுட்பமாகப் பயன்படுத்த இயன்றது. சென்ற வழி, வேகம், ஏறிய உயரம் ஆகியவற்றோடு, தக்க துணைக்கருவிகள் இருப்பின் இதயத்துடிப்பும் காலின் ஆற்றலும் பதிவாகின்றன. வீடு திரும்பியதும் அப்பதிவு ஸ்ட்ராவா போன்ற பொது ஏட்டில் ஏறுகிறது. பிறர் பதிவுகளோடு ஒப்பிடப்படுகிறது.

இவ்வளவு நுட்பமான கருவியும் முற்ற முடிந்த உண்மையைச் சொல்வதில்லை. ஒரே சாலையில் ஒன்றாகச் சென்று ஒன்றாகத் திரும்பிய இருவரின் கருவிகள் இருவேறு தொலைவைக் காட்டும். ஏறிய உயரத்திலோ வேற்றுமை இன்னும் மிகும். மலைச்சரிவின் பாறைகளிலும் உயர்ந்த கட்டடங்களிலும் கோள்களின் குறிகள் பட்டுத் திரும்புகின்றன. அடர்ந்த மரச்செறிவு அவற்றை மங்கச் செய்கிறது. பல கருவிகள் உயரத்தைக் காற்றின் அழுத்தத்தால் கணிக்கின்றன. வானிலை மாறின், மலை அசையாதிருக்கவும், அதன் உயரம் மாறிவிட்டதாகக் கருவி கூறும். சகியாத்திரி மலைத்தொடரின் பெருமழையில் காற்று புகும் சிறு துளை நீரால் அடைபட்டால், செங்குத்தான ஏற்றமும் சமநிலமாகிவிடும். சார்புகளால் தோன்றுவது சார்புகள் மாற மாறும் என்று நாம் கற்றிருக்கிறோம். இவ்வெண்ணும் அத்தகையதே. அதனை மதிப்போம், ஆனால் மலையென்றே மயங்காதிருப்போம்.

இதனால் பதிவு செய்வதே வீண் என்று சிலர் முடிவு கட்டக்கூடும். அம்முடிவு நமக்கு ஏற்றதன்று. எழுதப்படாமையால் எத்தனை பேருடைய உழைப்பு மறைந்தது, எத்தனை பேருடைய வரலாறு பிறரால் திரிக்கப்பட்டது என்பதை நம் மக்கள் பட்டறிந்திருக்கிறார்கள். பதிவில் இடம் மறுக்கப்பட்டவனே பதிவின் அருமையை நன்கறிவான். புனேயிலிருந்து லோனாவாலாவுக்குச் செல்லும் சாலையே இதற்குச் சான்று. பாபாசாகேப் அம்பேத்கர் 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 25-இல் புத்தர் திருவுருவை நிறுவிய தேஹு ரோடு அவ்வழியில் உள்ளது. அதனைக் கடந்து மேலும் சென்றால் கார்லா மலையில், ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் பாறையில் குடைந்த பெருஞ்சைத்தியம் நிற்கிறது. அங்கே தூண்களிலும் சுவரிலும் பிராமி எழுத்தில் கொடையாளர் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. யவனர் அளித்த தூண்கள் உண்டு. நறுமணப் பொருள் விற்ற வணிகர் ஒருவரின் பெயரும், தச்சர் ஒருவரின் பெயரும் உண்டு. அவ்வெழுத்துகள் இல்லையேல், அரசர் அல்லாத அவ்வெளிய மக்களை நாம் எங்ஙனம் அறிவோம்? எனவே நம் முன்னோர் பதிவை இகழ்ந்தவரல்லர். அவர்கள் பதிந்தது யாது என்பதே நோக்கத்தக்கது. இன்னார் இன்ன ஊரினர், இதனை அளித்தார் என்பதே அது. யாரினும் மிகுதியாக அளித்தார், யாரை முந்தினார் என்னும் கணக்கு அங்கு இல்லை.

சைக்கிள் செலுத்துவோனுக்கும் பதிவால் நேர்மையான பயன் உண்டு. நோயினின்று தேறிய ஒருவன், சென்ற மாதம் பத்துக் கிலோமீட்டரில் களைத்தவன், இம்மாதம் முப்பது சென்றான் என்று காண்பது அவனுக்கு ஊக்கந் தரும். அறியாத ஊரில் வழி தவறாமல் செல்லவும், இதயத்துடிப்பு மிகும்போது தன்னை அடக்கிக்கொள்ளவும் கருவி உதவுகிறது. இவ்வளவில் அது நல்ல சாட்சி. சாட்சி எசமானனாக மாறும்போதுதான் துன்பம் தொடங்குகிறது.

அம்மாற்றம் எப்படிப்பட்டது என்பதை 2020-ஆம் ஆண்டு ஜூலை மாதம் காட்டிற்று. அம்மாதம் 23-ஆம் நாள் கார்மின் நிறுவனத்தின் கணினிகளைத் தீயோர் முடக்கினர். பதிவுகளை ஏற்கும் அதன் பணி சில நாள் நின்றது. உலகெங்கும் சைக்கிள் செலுத்துவோர் தம் பயணங்களை வழக்கம்போல் ஏற்ற இயலாமல் தவித்தனர். ஸ்ட்ராவாவில் ஏறாத பயணம் நடவாத பயணம் என்று அவர்களிடையே வேடிக்கையாக வழங்கிவந்த பேச்சு, அந்நாளில் வேடிக்கையாக மட்டும் இருக்கவில்லை. சற்றே எண்ணிப் பாருங்கள். அந்நாட்களிலும் சக்கரங்கள் சுழன்றன, நெஞ்சு விரிந்தது, வியர்வை சிந்திற்று, காலைக் காற்று முகத்தில் பட்டது. பயணத்தின் பயன் ஒன்றேனும் குறையவில்லை. குறைந்தது, பிறர் காண்பர் என்னும் எதிர்பார்ப்பு ஒன்றே. அவ்வொன்று குறைந்ததும் எல்லாமே இழந்ததாக ஒருவன் வருந்துவானாயின், அவன் நெடுநாளாக எதற்காக மிதித்து வந்தான் என்பது அவனுக்கே விளங்க வேண்டும். தன்னைத் தான் அறிவதற்கு அந்தச் சில நாள் நல்ல வாய்ப்பு.

அவ்வெதிர்பார்ப்பு வேட்கையாக முற்றும்போது எங்குச் சென்று முடியும் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறலாம். பொது ஏடு சாலையைச் சிறு சிறு பகுதிகளாக வகுத்து, ஒவ்வொன்றிலும் விரைந்து சென்றவரைத் தலைவராகக் காட்டுகிறது. 2010-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெர்க்லி நகரில், மலைச்சரிவில் இறங்கிய ஒருவர் மோட்டார் வண்டியைத் தவிர்க்க முயன்று வீழ்ந்து மாண்டார். பறிபோன முதலிடத்தை மீட்கவே அவர் அவ்வாறு விரைந்தார் என்று குடும்பத்தினர் ஸ்ட்ராவாமீது வழக்குத் தொடுத்தனர். விளையாட்டின் ஆபத்தை அவர் தாமே ஏற்றுக்கொண்டார் என்று கண்டு, 2013-இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிற்று. சட்டத்தின் வினா அங்கே முடிந்தது. அறத்தின் வினா முடியவில்லை. சிங்ககட் மலைச்சாலையிலும் குழந்தைகளோடு நடப்போர் உண்டு. மோர் விற்கும் கிராமத்துப் பெண்கள் உண்டு. நம் எண்ணுக்காக அவர்கள் உயிரையும் பணயம் வைக்க நமக்கு உரிமை தந்தவர் யார்?

மற்றொன்று இந்தோனேசியாவில் 2024-ஆம் ஆண்டு பரவலாகப் பேசப்பட்டது. கூலி கொடுத்தால், பிறர் நமக்காக ஓடி, அவ்வோட்டத்தை நம் பெயரில் பதிவு செய்து தருவார்கள்! ஓடியவன் ஒருவன், பாராட்டுப் பெறுபவன் மற்றொருவன். ஒருவன் செய்த வினை மற்றொருவனுக்கு ஆகாது, தன்னைத் தூய்மையாக்கிக் கொள்ளுதல் தன்னாலேயே இயலும் என்பது நாம் ஏற்ற நெறி. புரோகிதனுக்குப் பொருள் கொடுத்துப் புண்ணியம் வாங்கும் பழைய வழக்கத்தை விட்டு வந்த நாம், கூலிக்கு வாங்கிய இவ்வோட்டத்தில் அதே வழக்கத்தின் சாயலைக் காண்கிறோம். பொய் கூறாமை என்னும் சீலம் நாவுக்கு மட்டும் உரியதன்று. மோட்டார் வண்டியில் கருவியை எடுத்துச் சென்று மிதித்ததாகக் காட்டுவதும் பொய்யே.

இவற்றினும் நுட்பமான ஒன்று உண்டு. வண்டி நின்றால் நேரக் கணக்கையும் தானே நிறுத்திவிடும் ஏற்பாடு இக்கருவிகளில் இருக்கிறது. சராசரி வேகம் குறையாதிருக்கப் பலர் இதனை விரும்புகின்றனர். ஆனால் போட்டிப் பகுதிக்குள் நின்றால் ஏடு நின்ற நேரத்தையும் கூட்டியே கணக்கிடும், தரம் தாழ்ந்துவிடும். இப்போது, வழியில் அறியாதவன் ஒருவன் சக்கரம் பழுதுற்று நிற்கிறான். அல்லது வழுக்கி வீழ்ந்து முழங்காலில் குருதி வழிய அமர்ந்திருக்கிறான் என்று கொள்வோம். பின்னால் வருபவன் இறங்கி, தண்ணீர் கொடுத்து, புண்ணைக் கட்டி, அரைமணி நேரம் உடனிருக்கிறான். அவன் கருவி அந்த அரைமணியை எப்படி எழுதும்? ஒன்று, வெறுமையாக விட்டுவிடும். அல்லது தாமதமாக எழுதும். அவனுடைய பயணம் முழுவதிலும் தலைசிறந்த செயல் எதுவோ, அதற்கு அவ்வேட்டில் சுழி, அல்லது தண்டனை!

கருவியின்மேல் குற்றம் இல்லை. அசைவை அளக்கச் செய்யப்பட்டது அசைவை அளக்கிறது. வினை என்பது எண்ணமே என்று பகவன் போதித்தார். எண்ணத்தை எந்தக் கோளும் வானிலிருந்து காண்பதில்லை. ஆனால் எண்ணைப் பார்த்துப் பார்த்துப் பழகிய மனம், எண்ணில் வராததை மெல்ல மெல்ல மதியாது விடுகிறது. இறங்கலாமா வேண்டாவா என்று வீழ்ந்தவன் முன்னே ஒரு கணம் தயங்குகிறதே, அத்தயக்கந்தான் எசமானனின் குரல். அதனைக் கண்டறிவதே நற்கடைப்பிடி. கண்டபின் இறங்கி உதவுவதே நற்செய்கை.

அளவும் அறமும் ஒருங்கே நிற்றல் இயலாததன்று. புனேயிலும் பிற நகரங்களிலும் பிரெவே என்னும் நெடுந்தொலைப் பயணங்கள் நடக்கின்றன. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணியிலும், 600 கிலோமீட்டரை 40 மணியிலும் முடித்தல் வேண்டும். வழியிலுள்ள நிலையங்களில் சென்றமைக்குச் சான்று காட்டவேண்டும். கருவியின் துணையும் உண்டு. ஆயினும் முதல்வர், இரண்டாமவர் என்னும் வரிசை அங்கே கிடையாது. குறித்த காலத்துள் முடித்தார் அனைவரும் முடித்தாரே. இடையில் நின்று பிறனுக்கு உதவியவன் எதனையும் இழப்பதில்லை. கார்லாவின் கொடைப்பதிவைப் போன்று, செய்தார் என்பதை மட்டும் கூறி நிற்கும் பதிவு இது.

இறுதியாக, அதே சாலையில் அதே விடியலில் செல்லும் மற்றொருவனை நினைவிற் கொள்ளுங்கள். பழைய இரும்புச் சைக்கிளில் செய்தித்தாள் கட்டைச் சுமந்து செல்பவன் அவன். அவன் கைப்பிடியில் கருவி இல்லை. ஆண்டு முழுதும் அவன் மிதித்த தொலைவை எந்த ஏடும் கூட்டிச் சொல்லாது. ஆயினும் அவன் குழந்தைகள் அவ்வுழைப்பால் உண்டனர், படித்தனர். நம்முள் பலர் அத்தகைய தந்தையரின் மக்கள். ஏட்டில் ஏறாத செயல் செய்யாத செயலாகுமா என்னும் வினாவுக்கு அவன் வாழ்க்கையே விடை.

எனவே கருவி வைத்திருப்போர் அதனை எறிந்துவிட வேண்டுவதில்லை. வழி கேளுங்கள், உடல்நிலை கேளுங்கள், சென்ற தொலைவையும் கேளுங்கள். நீங்கள் யார், உங்கள் மதிப்பு யாது என்பதை மட்டும் அதனிடம் கேளாதீர்கள். வாரத்தில் ஒருநாள் அதனை வீட்டில் வைத்துவிட்டுச் சென்று பாருங்கள். அன்று மனம் எதனைத் தேடுகிறது, எதனைக் காண்கிறது என்று கவனியுங்கள். அந்தக் கணக்கை எழுதுவோரும் படிப்போரும் நீங்களே.