பள்ளித் தெரிவும் பனித்தளமும்

ஒரு பிள்ளை எந்தப் பொதுப் பள்ளியில் படிக்க வேண்டும் என்பதைக் குடியிருக்கும் வீட்டின் முகவரி தீர்மானிப்பதா, பெற்றோரின் விருப்பம் தீர்மானிப்பதா என்ற கேள்வி அமெரிக்கக் கல்வித்துறையில் நெடுங்காலமாக வாதிடப்பட்டு வருவதே எனினும், அதன் அறச்சிக்கல் வகுப்பறையில் தெரிவதைவிடக் கூர்மையாகத் தெரிவது, கனடாவை ஒட்டிய வட மாநிலமான மின்னசோட்டாவின் ஐஸ் ஹாக்கி ஆடுதளங்களில்தான். வகுப்பறைக்கு ஒருவர் கூடுதலாக வந்தால் இன்னொரு நாற்காலி போட்டுக்கொள்ளலாம். பனித்தளத்தில் ஒரே சமயத்தில் ஓர் அணிக்கு ஆறு பேருக்கு மேல் இடமில்லை.

அமெரிக்காவில் பொதுப் பள்ளிகளை நடத்துவது 'பள்ளி மாவட்டம்' என்னும் அமைப்பு. பெயரில் மாவட்டம் என்றிருந்தாலும் பெரும்பாலும் ஓர் ஊரையோ அண்டையிலுள்ள சில ஊர்களையோ மட்டுமே எல்லையாகக் கொண்ட இது, மக்கள் தேர்ந்தெடுத்த குழுவால் நிர்வகிக்கப்பட்டு, உள்ளூர்ச் சொத்துவரியையும் மாநில அரசின் மானியத்தையும் கொண்டு இயங்குகிறது. குடியிருக்கும் மாவட்டத்தை விட்டு வேறொரு மாவட்டத்துப் பள்ளியில் கட்டணமின்றிச் சேர்ந்து படிக்கும் உரிமையே 'திறந்த சேர்க்கை' எனப்படுகிறது. மின்னசோட்டாவின் ஆளுநராக, அதாவது அங்குள்ள முறைப்படி மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநில அரசுத் தலைவராக இருந்த ரூடி பெர்பிச் 1985-இல் முன்வைத்த இந்த யோசனை, எதிர்ப்பைக் கடந்து 1988-இல் சட்டமாகி, 1990–91 கல்வியாண்டுக்குள் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களுக்கும் உரியதாயிற்று. மாநிலம் முழுவதற்கும் கட்டாயமாக்கப்பட்ட திறந்த சேர்க்கை அமெரிக்காவில் அதுவே முதலாவது. பிள்ளை இடம் மாறினால் அதற்குரிய மாநில மானியமும் உடன் செல்லும். 2024–25-இல் மாணவர் ஒருவருக்கான அடிப்படைத் தொகை 7,281 டாலராக இருந்தது. வெளி மாவட்டத்து மாணவரைச் சேர்ப்பதற்கோ மறுப்பதற்கோ அவருடைய முந்தைய மதிப்பெண்ணையோ விளையாட்டுத் திறனையோ அளவுகோலாகக் கொள்ளக் கூடாது என்றும் சட்டம் கூறுகிறது. ஆயினும் அந்தத் தடை பள்ளியைத்தான் கட்டும். விளையாட்டை மட்டுமே மனத்தில் கொண்டு பள்ளி தேடும் குடும்பத்தை அது கட்டாது, கட்டவும் இயலாது.

உறைந்த பரப்பின்மேல் சறுக்குக் காலணியோடு, 'பக்' எனப்படும் தட்டையான ரப்பர் வட்டை மட்டையால் தள்ளி ஆடப்படும் ஐஸ் ஹாக்கி, மின்னசோட்டாவில் ஊர்களின் அடையாளமாகவே வளர்ந்த ஆட்டம். 1945-இல் தலைநகர் செயின்ட் பாலில் தொடங்கிய மாநில உயர்நிலைப் பள்ளிப் போட்டியின் முதல் கோப்பையை இரும்புச் சுரங்க ஊரான எவலெத் வென்றது. 1948 முதல் 1951 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகளும் அதே ஊர்ப் பள்ளிதான் வென்றது. மக்கள்தொகை 3,000-ஐ எட்டாத வடகோடி ஊரான ரோசோ இதுவரை ஏழு முறை வென்றிருக்கிறது. 1980 குளிர்கால ஒலிம்பிக்கில் சோவியத் அணியைத் தோற்கடித்துத் தங்கம் வென்ற அமெரிக்க அணியின் 20 பேரில் 12 பேர் மின்னசோட்டாக்காரர்கள். பயிற்சியாளர் ஹெர்ப் ப்ரூக்ஸும் செயின்ட் பாலின் ஒரு பொதுப் பள்ளிக்காக 1955-இல் மாநிலக் கோப்பை வென்றவரே.

சிற்றூர்களால் இவ்வளவு இயன்றதற்குக் குளிர் மட்டும் காரணமன்று. அமெரிக்காவின் பல பகுதிகளில் சிறுவர் ஹாக்கி, பெருந்தொகை செலுத்திச் சேரும் தனியார் கழகங்களின் கையில் இருக்க, மின்னசோட்டாவில் அது ஊர்ச் சங்கங்களின் கையில் இருக்கிறது. எட்டு வயதுக்குட்பட்ட 'மைட்' நிலையில் தொடங்கி, பத்துக்குட்பட்ட 'ஸ்குவர்ட்', பன்னிரண்டுக்குட்பட்ட 'பீவீ', பதினான்குக்குட்பட்ட 'பேன்டம்' என்று ஒரே ஊர்ப் பிள்ளைகள் ஒன்றாக ஏறி வந்து, முடிவில் ஒரே பள்ளியின் சட்டையை அணிகிறார்கள். சங்கத்தின் கணக்கை ஒரு தாய் எழுதுகிறார். இளம் அணிக்கு ஒரு தந்தை ஊதியமின்றிப் பயிற்சி தருகிறார். பூங்காவிலுள்ள திறந்தவெளித் தளத்துக்கு இரவில் தண்ணீர் பாய்ச்சி உறையவைப்பதற்கும் யாரோ ஒருவர் முன்வருகிறார். தன் பிள்ளை வளர்ந்து சென்ற பிறகும் இந்த உழைப்பைத் தொடர்வோர் உண்டு என்பதிலிருந்தே, இது கட்டணம் கொடுத்துச் சேவை பெறும் உறவாக அங்கே கருதப்படவில்லை என்பது விளங்கும். தலைமுறைக்குத் தலைமுறை திருப்பிச் செலுத்தப்படும் கைமாற்று என்று அதைச் சொல்வது பொருந்தும்.

திறந்த சேர்க்கை இந்தக் கைமாற்றைக் குலைக்கிறது என்பதே குற்றச்சாட்டு. சிறுவர் ஆட்டத்தை நெறிப்படுத்தும் மின்னசோட்டா ஹாக்கி என்னும் அமைப்பு, குடியிருக்கும் ஊரின் சங்கத்தில் மட்டுமன்றிப் படிக்கும் பள்ளி அமைந்த ஊரின் சங்கத்திலும் ஆட இடம் தருவதால், பள்ளியை மாற்றினால் பத்து வயதுப் பிள்ளையும் அணி மாறிவிடலாம்.

மாறுவோர் தரப்பு வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. பிள்ளை ஊரின் உடைமையன்று. நல்ல இசைக்குழு உள்ள பள்ளிக்கு வயலின் வாசிக்கும் மாணவி போனால் ஊரில் எவரும் முகம் சுளிப்பதில்லை. அறிவியலில் நாட்டமுள்ளவன் போனால் பெருமையாகவே பேசுகிறார்கள். ஹாக்கி மட்டையோடு போகிறவனை மட்டும் துரோகி என்பது, ஊர் அவனிடம் எதிர்பார்த்தது அவன் நலனையா, சனிக்கிழமை இரவு வெற்றியையா என்ற ஐயத்தை எழுப்புகிறது. சக ஆட்டக்காரர்களின் துன்புறுத்தலுக்கு ஆளானவனுக்கும், பெண்களுக்கான அணியே இல்லாத பள்ளியில் படிக்கும் பெண்ணுக்கும் வெளியேறும் வழி ஒன்று வேண்டும். பெண்களுக்கான மாநிலப் போட்டி 1995-இல்தான் தொடங்கியது என்பதும், ஊர்ப்பற்றின் பெயரால் முக்கால் நூற்றாண்டாகக் கட்டி எழுப்பப்பட்ட இந்த அமைப்பு யாருக்காகக் கட்டப்பட்டது என்பதும் இங்கே நினைவில் இருக்க வேண்டியவை. பெரியவர்கள் இடம் மாறுவதை அந்த ஆட்டம் எப்போதும் வரவேற்றே வந்திருக்கிறது. எவலெத்தின் வெற்றிகளில் கோல்கீப்பராக நின்ற வில்லர்ட் இகோலா, பின்னாளில் மாநிலத்தின் பெருநகரான மினியாபொலிஸை அடுத்த செல்வப் புறநகரான இடைனாவுக்குப் பயிற்சியாளராகிப் போய் அப்பள்ளிக்கு எட்டு மாநிலக் கோப்பைகளைப் பெற்றுத் தந்தார். அதை எவலெத்துக்குச் செய்த துரோகம் என்று வரலாறு எழுதவில்லை.

எனினும் வெளியேறும் உரிமையைப் பற்றிய பேச்சு, வெளியேறுபவனோடு முடிந்துவிடுகிறது. எஞ்சி நிற்பவர்களும் பிள்ளைகளே. ஹாக்கி அணியில் எல்லா இடங்களும் ஒரே தன்மையுடையவை அல்ல. கோல்கீப்பர் என்பவர் தனிக் கவசங்களும் தனிப் பயிற்சியும் கொண்டு பல ஆண்டுகளில் உருவாகிறவர், சிற்றூர் ஒன்றில் ஒரு வயதுப் பிரிவுக்கு ஒருவரோ இருவரோதான் கிடைப்பார். அந்த ஒருவர் பதினான்கு வயதில் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விட்டால், அவரோடு மைட் நிலையிலிருந்து ஏறி வந்த பத்துப் பதினைந்து பேர் எதையும் தெரிவு செய்யாமலேயே தம் அணியை இழக்க நேரலாம். அவர்களுக்கு எஞ்சுவது, அண்டைப் பள்ளிகளோடு இணைந்து ஒரே அணியாக ஆடும் 'கூட்டணி' ஏற்பாடு. அதுவும் பயணத் தொலைவைக் கூட்டி, விளிம்பில் இருந்த சில பிள்ளைகளை ஆட்டத்தை விட்டே விலக்கிவிடக்கூடும். பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன், வெளியேற்றம், குரல், பற்றுறுதி ஆகிய மூன்றையும் தலைப்பாகக் கொண்டு 1970-இல் வெளியிட்ட நூலில், ஓர் அமைப்பின் தரம் குன்றும்போது முதலில் வெளியேறுவோர் தரத்தை நுட்பமாக உணர்பவர்களே என்றும், அவர்களே தங்கியிருந்தால் உரக்கக் குரல் எழுப்பி அதைத் திருத்தியிருப்பார்கள் என்றும் பொதுப் பள்ளிகளையே எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கினார். ஹாக்கிச் சங்கத்துக்கு இது இருமடங்கு பொருந்தும். ஏனெனில் அங்கே போவது ஓர் ஆட்டக்காரன் மட்டுமல்ல, கணக்கெழுதிய தாயும் பயிற்சி தந்த தந்தையும் அவனோடு போய்விடுகிறார்கள்.

வரவேற்கும் ஊரிலும் ஒரு பிள்ளை உண்டு. ஆறு வயதிலிருந்து அந்த ஊர்ச் சங்கத்தில் ஆடி, பதினாறு வயதில் பள்ளியின் முதல் அணிக்கான தேர்வில் வெளியூரிலிருந்து வந்தவனிடம் இடத்தை இழக்கும் அந்தப் பிள்ளையின் மனக்குறை இயல்பானது. ஆனால் அணியில் இடம் என்பது நீண்ட நாள் காத்திருந்ததற்காகத் தரப்படும் பட்டா அல்ல. அந்த வெளியூர்க் குடும்பம் அங்கேயே வீடு வாங்கிக் குடியேறியிருந்தால், அதே பிள்ளை அதே இடத்தை இழந்திருப்பான், எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். திறந்த சேர்க்கையை எதிர்ப்போர் வழக்கமாகத் தாண்டிச் செல்லும் முள் இதுதான். வீட்டு முகவரியை நீதியின் அளவுகோலாக வைத்தால், விலையுயர்ந்த புறநகரில் வீடு வாங்க வல்லவனுக்கு எல்லை எப்போதும் திறந்தே இருக்கும். வாங்க இயலாதவனுக்குத் திறந்த சேர்க்கை ஒன்றே வழி.

அந்த வழியும் இலவசமன்று. வெளி மாவட்டத்துப் பிள்ளையை ஏற்கும் பள்ளி தன் எல்லைக்குள்ளிருந்துதான் பேருந்து அனுப்பும். அந்த எல்லை வரை கொண்டு வந்து விடுவது குடும்பத்தின் பொறுப்பு. வறிய குடும்பங்களுக்குப் பயணச் செலவை ஈடுசெய்யச் சட்டத்தில் இடமிருந்தாலும், மாலைப் பயிற்சி முடிந்து இருட்டில், பூச்சியத்துக்குக் கீழான குளிரில், பிள்ளையை அழைத்துவர ஓய்வுள்ள பெற்றோரையும் இரண்டாவது காரையும் எந்த மானியமும் தந்துவிடாது. எல்லோருக்கும் சமமாக எழுதப்பட்ட உரிமை, வசதியுள்ளோர் கையில்தான் முழுமையாகப் பயன்படுகிறது.

இவ்வளவும் கூறும்போது, பழியைப் பெருக்கிவிடாமல் இருப்பதும் நேர்மை. சுரங்க ஊர்களின் அணிகள் மெலிந்ததற்கு முதற்காரணம் சுரங்கத் தொழில் சுருங்கி மக்கள்தொகை குறைந்தது. எவலெத்-கில்பர்ட் மாவட்டமும் அண்டை ஊரான வர்ஜீனியாவின் மாவட்டமும் இணைந்து இன்று ராக் ரிட்ஜ் என்ற பெயரில் இயங்குவது அதனால்தான். 1970-இல் தன் பொதுப் பள்ளிகளில் ஒன்றான சவுத்வெஸ்ட் மூலம் மாநிலக் கோப்பை வென்ற மினியாபொலிஸ் நகரம், பிற்காலத்தில் தன் பள்ளிகள் அனைத்துக்குமாக ஒரே கூட்டணி அணியை மட்டுமே நிறுத்தும் நிலைக்கு வந்ததில் புறநகர்க் குடிபெயர்வு, செலவு, தனியார் பள்ளிகளின் ஈர்ப்பு ஆகிய பலவற்றுக்கும் பங்குண்டு. அந்தக் கூட்டணி 2022-இல் மாநிலப் போட்டிக்குத் தகுதி பெற்றபோது, மினியாபொலிஸ் பொதுப் பள்ளி அணி ஒன்று அங்கே ஆடி 28 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்தச் சிக்கலுக்கு, பள்ளி விளையாட்டுகளை நெறிப்படுத்தும் மின்னசோட்டா மாநில உயர்நிலைப் பள்ளி லீக் கண்டிருக்கும் விடை, மாற்ற விதி. ஒன்பதாம் வகுப்பில் முதன்முதலாகச் சேரும்போது எந்தப் பள்ளியைத் தெரிவு செய்தாலும் உடனே ஆடலாம். அதன் பிறகு மாறினால், குடும்பம் முழுவதும் வீடு மாறியது போன்ற விதிவிலக்குகள் இல்லாதபோது, ஓராண்டுக்கு முதல் அணியில் ஆட முடியாது. பள்ளிகள் ஆட்டக்காரர்களை இழுக்க முயல்வதையும் லீக் தடை செய்கிறது. நோக்கம் நல்லது, விளைவு வேறு. பதினாறு வயதில் மாறினால் தண்டனை, பதினான்கு வயதில் மாறினால் இல்லை என்றாகும்போது, முடிவெடுக்கும் வயது கீழே தள்ளப்படுகிறது. சிறுவர் சங்க விதியோ அதை இன்னும் கீழே இறக்கிவிடுகிறது. கோடையில் பல ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்து ஆடும் தனியார் அணிகளில் முளைக்கும் நட்பு, "எல்லோரும் ஒரே பள்ளிக்குப் போவோம்" என்ற திட்டமாக மாறும்போது, அதில் இழுத்தவர் யார், இழுபட்டவர் யார் என்று எந்த விசாரணையாலும் பிரித்தறிய முடிவதில்லை. பெரியவர்கள் தீட்டிய திட்டம் பிசகினால், ஓராண்டு வெளியே உட்காருவது பிள்ளை.

ஆகவே இங்கே எட்டத்தக்க தீர்ப்பு ஊரின் பக்கமும் முழுதாகச் சாயாது, தெரிவின் பக்கமும் முழுதாகச் சாயாது. கல்விக்காகத் திறக்கப்பட்ட கதவை ஹாக்கிக்காக மூடுவது தவறு. போகும் பிள்ளை எவருக்கும் கடன்பட்டவன் அல்லன். ஆனால் பேன்டம் நிலை வரையிலாவது, தன் ஊரில் ஆட ஓர் அணி இருக்கும் பிள்ளை அந்த அணியில் ஆடுவதே முறையாகும். ஏனெனில் பத்து வயதில் எடுக்கப்படும் அணித் தெரிவு பிள்ளையின் தெரிவாக இருக்க முடியாது, அதன் இழப்பைச் சுமப்போரோ பத்து வயதுப் பிள்ளைகளே. உயர்நிலைப் பள்ளியில் காத்திருப்பு விதி இருக்குமானால், வீடு வாங்கி வருபவனுக்கும் விண்ணப்பம் எழுதி வருபவனுக்கும் அது ஒரே அளவாக இருக்க வேண்டும். பணத்துக்கு விலக்களித்துவிட்டு விண்ணப்பத்தைத் தண்டிக்கும் விதியை நியாயப்படுத்த வழியில்லை.

சிறுவர் ஹாக்கிப் பருவம் இலையுதிர் காலத்தில் தொடங்கி மார்ச் வரை நீள்கிறது. அடுத்த கல்வியாண்டின் திறந்த சேர்க்கைக்கு விண்ணப்பிக்கச் சட்டம் பொதுவாகக் குறித்திருக்கும் கடைசி நாள் ஜனவரி 15. பேன்டம் அணியின் பருவம் அப்போது பாதியில் இருக்கும்.