எடுத்தலும் வைத்தலும்



பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் விழிப்புடன் இருத்தல் முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஒன்று. துறவியர்க்கு அது சிற்றுயிரைக் காக்கும். சிவகாசித் தொழிலாளர்க்கோ தம் உயிரையே காக்கும். பட்டாசு மருந்தில் சிறு உராய்வும் தீயாகும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

தீபாவளி நெருங்க நெருங்க அவசரம் பெருகும். மனம் கையை விட்டு அகலும். நாள்தோறும் 48 நிமிடம் சாமாயிகத்தில் அமர்ந்து சமநிலை பழகிய மனம் பணிக்களத்திலும் கலங்காது.

ஆயினும், பொறுமையை உழைப்பவரிடம் மட்டும் கேட்பது அறமன்று. விரைவுபடுத்தும் முதலாளியும், வாங்கும் நாமும் நம் அவாவை அடக்குதல் வேண்டும். வர்த்தமானர் வீடுபேறுற்ற தீபாவளித் திருநாளில் நாம் ஏற்கத்தக்க நோன்பு இதுவே.

அறம் வளர்க!