நாமமும் கல்லும்

உதகமண்டலத்தைச் சூழ்ந்த சிகரங்களில் பண்டை மாந்தர் அடுக்கிவிட்டுப் போன கல்வட்டங்களை, நீலகிரியின் முதல் கமிஷனரான பிரீக்ஸ் அகழ்ந்தபோது, எலும்பும் சாம்பலும், மிருக உருவங்கள் அமைந்த மூடிகளையுடைய மட்கலங்களும், வெண்கலக் கிண்ணங்களும் வெளிப்பட்டன. அவர் மறைந்தபின் 1873-இல் அச்சேறிய நூலில் அவற்றின் விவரமெல்லாம் உண்டு, அங்கே அடங்கியவர் ஒருவரின் நாமமேனும் இல்லை.

நைல் நதியின் மேற்குக் கரையில், செங்குத்தான பாறையை ஒட்டி ஹட்ஷெப்சுட் அரசி எழுப்பிய ஈமக்கோயிலோ, நாமமும் ஆத்மாவின் ஓர் அம்சமே என்னும் நம்பிக்கையின்மீது நிற்பது. அந்த நாமத்தையே மூன்றாம் துத்மோஸின் ஆட்சியில் சுவர்களிலிருந்து செதுக்கி எடுத்தார்கள் என்பதை நினைக்கையில் நெஞ்சு பதறுகிறது.

இறந்தவருக்குக் கோயில் எழுப்பும் வழியை நம் சோழரும் அறியாதவரல்லர். ஆற்றூரில் துஞ்சிய தம் பாட்டனார் அரிஞ்சயருக்கு முதலாம் ராஜராஜர் மேற்பாடியில் பள்ளிப்படைக் கோயில் எடுப்பித்தார். ஆயினும் அங்கே பூஜை பெறுபவர் சிவபெருமானே, அரசரின் பெயர் ஈசுவர நாமத்தில் ஒடுங்கி நிற்கிறது. இந்த அடக்கத்தை நான் பெரிதும் போற்றுகிறேன்.

நீலகிரித் தோதவரோ, எகிப்தியரைப் போலவே மறுவுலகை மேற்குத் திசையில் வைத்து, அமுனோர் என்னும் அவ்வுலகுக்குச் செல்பவருக்குத் துணையாக எருமையைப் பலியிட்டு அனுப்பியவர்கள்; எனினும் இறந்தவரின் பெயரை உச்சரிப்பதையே அவர்கள் மரபு விலக்கியது. உயிர் சென்று சேரும் இடம் நிச்சயமாயின் நாமத்தைக் கல்லில் காப்பது எதற்கு என்று பாரோ மன்னர்களை வினவும் தகுதி, நம்மைவிட இம்மலைவாசிகளுக்கே உண்டு என்பது என் துணிபு.